ஆபீஸ் நண்பர்களோட முதலீடு பேசுறீங்களா? இந்த 5 பழக்கம் முக்கியம்!



ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்து சாப்பிட உட்கார்ந்தா, பேச்சு எப்படியும் பணத்துல வந்து நிற்கும். நம்மில் பல பேர் முதல் எஸ்ஐபி ஆரம்பிச்சதே அப்படி ஒரு பேச்சுல இருந்துதான். அதே பேச்சு தப்பா போனா என்ன ஆகும்? நான் செஞ்ச தப்பையே சொல்றேன்.

சிஏ முடிச்சு முதல் வேலையில சேர்ந்த புதுசு. கூட வேலை பார்த்த நண்பன், சொந்தக்காரர் ஒருத்தர் சொன்னாருன்னு எண்டோவ்மென்ட் பாலிசி எடுத்திருந்தான். வருஷம் 50,000 ரூபாய், 20 வருஷம் கட்டணும். "இது நல்லதாடா?"ன்னு கேட்டான். நான் எல்லார் முன்னாடியும், "காமர்ஸ் படிச்ச நீயே இப்படி ஏமாந்தா எப்படி?"ன்னு சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் அவன் என்கிட்ட பண விஷயமே பேசல.

ரெண்டு வருஷம் கழிச்சு, ரிட்டர்ன் ஃபைல் பண்ண பேப்பர்ஸ் கொண்டு வந்தான். அதுல புதுசா இன்னொரு பாலிசி. 80சி-க்காக மார்ச் மாசம் அவசரமா எடுத்தது, பிரீமியம் 40,000. "ஏன்டா எடுக்கும்போதே கேட்கல?"ன்னேன். "கேட்டா திரும்பவும் சிரிப்பே"ன்னான்.

பாலிசி பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்க ஃப்ரீ லுக் பீரியட்னு ஒரு அவகாசம் உண்டு. இப்போ அது 30 நாள், அப்போ 15 நாள். அது எப்பவோ முடிஞ்சிருந்தது. ஒரு பிரீமியத்தோட நிறுத்தினதால கைக்கு எதுவும் திரும்பல. என் சிரிப்போட விலை அவனுக்கு 40,000 ரூபாய்.

அன்னைக்கு நான் எப்படிப் பேசியிருக்கணும்? அதுல இருந்து நான் கத்துக்கிட்டது இந்த 5 பழக்கம்.

1. கருத்துக்கு முன்னாடி கணக்கு

அவன் பாலிசியில மொத்தம் 10 லட்சம் கட்டினா, 20 வருஷம் முடிவுல சுமார் 17.36 லட்சம் வரும்னு சொல்லியிருந்தாங்க. கேட்க பெரிய தொகை. எக்ஸெல்ல 'ரேட்' ஃபார்முலா போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சிடும்: வருஷத்துக்கு சுமார் 5% வருமானம். "5% உனக்கு ஓகேவா? இதுல வர்ற ஆயுள் காப்பீடு உன் குடும்பத்துக்குப் போதுமா?" இந்த ரெண்டு கேள்வி கேட்டிருந்தா, முடிவை அவனே எடுத்திருப்பான்.

2. லாபம் சொன்னா காலத்தையும் சொல்லுங்க

"என் பணம் டபுள் ஆயிடுச்சு!" எத்தனை வருஷத்துல? 3 வருஷம்னா வருஷத்துக்கு சுமார் 26%. 6 வருஷம்னா 12%. 10 வருஷம்னா வெறும் 7%. காலத்தைச் சொல்லாம விட்டா, கேட்கிறவர் மனசுல 26% ஓடும். உங்களுக்குக் கிடைச்சது 7%-ஆ இருக்கும்.

3. நீங்க வாங்கியிருந்தா முதல்ல சொல்லுங்க

ஒரு ஷேரைப் பத்தி ரிப்போர்ட் எழுதுற ரிசர்ச் அனலிஸ்ட், அதுல தனக்கு முதலீடு இருக்கான்னு வெளிப்படையா சொல்லணும். செபியோட 2014 விதிமுறை இது. நண்பர்கள் பேச்சுக்கு இந்த விதி கிடையாது, ஆனா பழக்கம் நல்லது. "இந்த ஷேர் என்கிட்ட இருக்கு, அதனால கொஞ்சம் ஆசையாத்தான் பேசுவேன்"னு சொல்லிட்டு ஆரம்பிங்க. நஷ்டமானதையும் மறைக்காதீங்க. லாபத்தை மட்டும் கேட்டு வளர்ற ஜூனியருக்கு ரிஸ்க்னா என்னன்னே தெரியாது.

4. கேள்வியை முழுசா கேளுங்க

"எந்த ஃபண்ட் நல்லது?"ன்னா யாராலயும் சரியா பதில் சொல்ல முடியாது. இப்படிக் கேட்டுப் பாருங்க: "மாசம் 8,000 போட முடியும். அவசரத்துக்கு 4 மாசச் செலவு தனியா இருக்கு. 7 வருஷத்துல வீட்டுக்கு முன்பணம் வேணும். இண்டெக்ஸ் ஃபண்ட் யோசிக்கிறேன், இதுல என்ன ரிஸ்க்?" தொகை, காலம், நோக்கம், நீங்க யோசிச்ச வழி. இந்த நாலும் இருந்தா பதிலும் உருப்படியா வரும்.

5. பாலிசியை விமர்சிங்க, ஆளை வேண்டாம்

"நீ ஏமாந்துட்ட"ன்னா அவர் தன்னைக் காப்பாத்திக்கத்தான் பேசுவார், இல்லைன்னா மௌனமாயிடுவார். "இதுல வருமானம் கம்மியா தெரியுது, சேர்ந்து கணக்கு போட்டுப் பார்ப்போமா?"ன்னா பேப்பரை எடுத்து முன்னாடி வைப்பார். குறிப்பா எல்லார் முன்னாடியும் கிண்டல் வேண்டவே வேண்டாம்.

நான் அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்போ எதுல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை ஃபோன் பண்றான். நான் முதல்ல கால்குலேட்டரைத்தான் எடுக்கிறேன்.

நாளைக்கு லஞ்ச்ல யாராவது தயங்கித் தயங்கி ஒரு பாலிசி பத்தியோ ஃபண்ட் பத்தியோ கேட்டா, சிரிக்காதீங்க. "பேப்பர் எப்போ கைக்கு வந்துச்சு?"ன்னு கேளுங்க. 30 நாள் இன்னும் முடியாம இருக்கலாம்!