புகைவண்டி விட்டுச் சென்ற பாதை

இங்கிலாந்தில் டெர்பிஷயர் பகுதியில் 'பீக் டிஸ்டிரிக்ட்' என்னும் மலைநாடு இருக்கிறது. எங்கு பார்த்தாலும் ஏற்றமும் இறக்கமுந்தான். வயல்களைப் பிரிக்கும் கற்சுவர்கள். அவற்றைத் தாண்டிச் செல்லப் படிக்கற்கள். கால் வலுவுள்ளவர்களுக்கு இது இன்பமான நடை. சக்கர நாற்காலியில் செல்பவருக்கோ முதல் சுவரோடு பயணம் முடிந்துவிடும். ஆனால் இதே மலைகளின் நடுவே ஏறக்குறைய 13.5 கிலோமீட்டர் தூரத்துக்குச் சக்கர நாற்காலியும் சைக்கிளும் எளிதாக உருண்டு செல்லும் பாதை ஒன்று உண்டு. அதன் பெயர் மான்சல் பாதை. இது எப்படி வாய்த்தது?

இவ்வழியே 1863-இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் எளிதில் உருளும். உராய்வு மிகக் குறைவு. அதே காரணத்தால் ஏற்றத்தில் அது எளிதில் வழுக்கவும் செய்யும். 300 டன் எடையுள்ள வண்டித்தொடர், 100 மீட்டருக்கு 1 மீட்டர் உயரும் ஏற்றத்தில் ஏறவேண்டுமானால், சமதளத்தில் தேவைப்படுவதைவிட 3 டன் எடைக்குச் சமமான இழுவிசை கூடுதலாக வேண்டும். ஆகவே பொறியாளர்கள் மலையைக் குடைந்தார்கள். பள்ளத்தாக்கின் குறுக்கே பாலம் கட்டினார்கள். பள்ளத்தாக்கின் அழகு கெட்டதென்று எழுத்தாளர் ஜான் ரஸ்கின் கடுமையாகக் கண்டித்தார். அந்தப் பாலம் 1970-இல் பாதுகாக்க வேண்டிய கட்டடங்களின் பட்டியலில் இடம்பெற்றது என்பது வேடிக்கைதான்!

1968-இல் ரயில்கள் நின்றன. தண்டவாளம் போனாலும் மென்மையான சரிவு அப்படியே இருந்தது. அதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாற்காலியும் அதில் அமர்ந்திருப்பவருமாக 100 கிலோகிராம் என்று கொள்வோம். 12-க்கு 1 என்ற சரிவில் ஏற, ஏற்றத்துக்கு மட்டும் 8 கிலோகிராமுக்குச் சற்று அதிகமான எடைக்குச் சமமான விசையைக் கைகள் தரவேண்டும். 100-க்கு 1 என்ற சரிவில் 1 கிலோகிராம் போதும். இத்துடன் தரையின் தடையும் சேரும். தளர்ந்த சரளையில் சக்கரம் புதைந்து, ஒவ்வோர் அடிக்கும் சிறு மேட்டைத் தள்ளி ஏறவேண்டியிருக்கும். அதனால்தான் பாதையில் கல்தூளைக் கெட்டியாக இறுக்கியிருக்கிறார்கள்.

1981-இல் பாதை மக்களுக்குத் திறக்கப்பட்டது. எனினும் பாதுகாப்பைக் கருதி, ஏறக்குறைய 400 மீட்டர் நீளமுள்ள நான்கு சுரங்கங்களும் மூடியே இருந்தன. நடப்பவர்கள் சுரங்கத்தின் வாயிலில் விலகி, மேட்டில் ஏறிச் சுற்றிப் போனார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர் அங்கிருந்தே திரும்பவேண்டும். பாதையின் பெரும்பகுதி சமமாக இருந்தும் அவருக்கு அது துண்டு துண்டான பாதைதான். சுரங்கங்களைச் செப்பனிட்டு விளக்குகள் பொருத்தி 2011-இல் திறந்த பிறகே பாதை அவருக்கும் முழுமையாயிற்று.

பாதைக்கு வந்து சேரும் வழியும் முக்கியம். மான்சல் ஹெட் என்ற மேட்டிலிருந்து இறங்கும் வழி செங்குத்தானது. பேக்வெல், மில்லர்ஸ் டேல் ஆகிய பழைய ரயில் நிலையங்களில் படியின்றி நுழையலாம்.

உங்கள் பள்ளியில் சாய்தளம் இருக்கிறதா? அதன் நீளத்தையும் உயரத்தையும் அளந்து, நீளத்தை உயரத்தால் வகுத்துப் பாருங்கள். விடை 12-க்குக் குறைந்தால் சரிவு அதிகம். சாய்தளம் முடியும் இடத்தில் வாசற்படி ஏதும் குறுக்கே நிற்கிறதா என்பதையும் பாருங்கள்.