முதலில் தகரம், பிறகு இன்ஜின்

அன்புள்ள காலடிப்பேட்டை வாசகருக்கு,

உங்கள் கடிதத்தை நிதானமாகப் படித்தேன். எண்ணூரில் ஷிஃப்ட் வேலை, வீட்டில் ஐந்து பேர், அம்மாவை அடிக்கடி ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டிய நிலை, கையில் ஒன்றேமுக்கால் லட்சம். இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று 2013 மாடல் வேகன் ஆர், பெட்ரோல், இரண்டாவது ஓனர். இன்னொன்று கிட்டத்தட்ட அதே விலைக்கு வரும் 2014 மாடல் ஃபோர்டு டீசல் செடான். ஒரு வருடம் புதியது, உள்ளே இடம் தாராளம், ஓட்டிப் பார்த்ததும் மனசு அதன்மேல் விழுந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு வருடம் கழித்து விற்கும்போது போட்ட பணத்தில் பெரும்பகுதி கைக்கு வரவேண்டும். எதை எடுக்கட்டும் என்று கேட்கிறீர்கள்.

வேகன் ஆரை எடுங்கள். ஆனால் அட்வான்ஸ் இன்னும் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நம் பக்கத்தில் பழைய வண்டி வாங்குவது அண்ணா நகரிலோ கோயம்புத்தூரிலோ வாங்குவதுபோல் இல்லை.

விலை இறங்கும் விதத்தை முதலில் பார்த்துவிடுவோம். இன்சூரன்சுக்கு வண்டி மதிப்பைக் கணக்கிட ஒரு அட்டவணை உண்டு. ஷோரூமை விட்டு வெளியே வந்த ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு. ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, மூன்றுக்குள் 30, நாலுக்குள் 40, ஐந்துக்குள் 50. அதற்குமேல் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். பெரிய நஷ்டத்தை முதல் ஓனர் சுமந்து முடித்துவிட்டார் என்பதுதான் இதன் பொருள். பத்துப் பன்னிரண்டு வருட வண்டியில் மாடல் வருடம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. உங்களிடமிருந்து அதை வாங்க எத்தனை பேர் வருவார்கள் என்பதுதான் விலை.

உங்கள் ஊரிலேயே இதற்கு இரண்டு சாட்சி உண்டு. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்றது. அந்தக் கம்பெனிதான் 1955இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. எண்ணூரில் பூட்டிய அந்த ஆஸ்டினை இன்று பழைய கார் சேகரிப்பவர்கள்தான் வாங்குவார்கள். பழுது பார்க்கத் தெரிந்தவரைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும். அதே ஐம்பதுகளில் திருவொற்றியூரில் புல்லட் தயாரிப்பு ஆரம்பித்தது. அது நிற்கவே இல்லை. முப்பது வருடப் பழைய புல்லட்டை இன்று விற்கிறேன் என்று சொன்னால் தேரடியிலிருந்தே ஆள் வருகிறது. கழற்றத் தெரிந்த கை தெருவுக்குத் தெரு இருக்கிறது, சாமானும் கிடைக்கிறது, அதனால் விலையும் நிற்கிறது.

வேகன் ஆர் விஷயமும் இதுதான். உங்கள் 2013 வண்டியில் இருக்கிற 998 சிசி கே10 இன்ஜின் ஆல்டோ கே10, செலேரியோ வண்டிகளிலும் ஓடியது. எந்த மெக்கானிக்குக்கும் பழக்கப்பட்ட இன்ஜின். புது சாமான் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் அன்றைக்கே கிடைக்கும். கழற்றிய சாமான் வேண்டுமென்றால் புதுப்பேட்டை. ஆயிரம் சிசிக்குக் கீழே இருப்பதால் தேர்டு பார்ட்டி பிரீமியம் வருடத்துக்கு 2,094 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஆயிரத்துக்கு மேல் ஆயிரத்து ஐந்நூறுக்குள் இருக்கும் அந்த ஃபோர்டுக்கு 3,416.

ஃபோர்டைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தம்தான். நல்ல வண்டி, கட்டுமானம் உறுதி, நம் மறைமலை நகரில் செய்தது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தப் போவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த வருடம் மறைமலை நகர் ஆலையில் கார் ஓடி வருவது நின்றது. 2024இல் அதே ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்தப் போவதாகச் சொன்னார்கள். அதனால் இங்கே பழைய வண்டி வாங்குகிறவருக்கு ஒரு லாபமும் இல்லை. விலை இவ்வளவு இறங்கி உங்கள் கைக்கு எட்டுவதற்குக் காரணமே வாங்க ஆள் குறைந்துபோனதுதான். இன்று உங்களுக்கு மலிவாகக் கிடைப்பது எதுவோ, அதுவே நாலு வருடம் கழித்து உங்கள் கையிலிருந்தும் மலிவாகப் போகும். பத்து வருடம் வைத்து ஓட்டித் தீர்க்கப் போகிறேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் என் பதிலே வேறாக இருந்திருக்கும்.

போதாக்குறைக்கு அது டீசல். காலடிப்பேட்டையிலிருந்து எண்ணூர் பத்து கிலோமீட்டர்தான். இன்ஜின் சரியாகச் சூடேறுவதற்குள் கம்பெனி கேட் வந்துவிடும். டர்போவும் இன்ஜெக்டரும் ஒரு தடவை வேலை வைத்தால் மைலேஜில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். மாருதியே 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திவிட்டது. டெல்லியில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசலுக்கு வந்த கட்டுப்பாடு தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் அந்தப் பயத்தை வாங்குகிறவர் மனசிலிருந்து எடுக்க முடியாது, பயமும் பேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இனி தகரத்துக்கு வருகிறேன். நான் சொல்ல நினைத்ததே இதைத்தான்.

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் என்று கடலை ஒட்டியே போகிறது நம் சாலை. ராத்திரி வெட்டவெளியில் நிற்கிற வண்டிமேல் உப்பு ஈரம் படிகிறது. பகல் வெயிலில் ஈரம் காய்ந்தாலும் உப்பு போவதில்லை. மறுநாள் காற்றிலிருக்கும் ஈரத்தை அதுவே இழுத்துக்கொள்கிறது. இதன்மேல் அனல்மின் நிலையச் சாம்பல், நிலக்கரித் தூசி, கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் மண். எல்லாம் கதவுக்கு அடியிலும் வீல் ஆர்ச்சுக்குள்ளும் அப்பிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன. துரு உள்ளே ஆரம்பித்து வெளியே வருகிறது. பெயின்ட் கொப்பளித்து உங்கள் கண்ணில் படும் நேரத்தில் உள்தகரம் பாதி போயிருக்கும்.

கிளட்ச் பிளேட் தேய்ந்தால் மாற்றலாம். இன்ஜின் ஆயில் அடித்தால் ரிங் மாற்றலாம். செலவு பெரிதுதான், ஆனால் செய்தபின் வண்டி எழுந்து நிற்கும். ரன்னிங் போர்டு அரித்தால் வெட்டி ஒட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். இரண்டு மழைக்காலம் போனால் ஒட்டிய இடத்திலேயே மறுபடி அரிக்கும். இன்ஜின் வேலைக்குச் செலவழித்த பணம் ஓரளவாவது விற்கும்போது திரும்பி வரும். துருவுக்குக் கொட்டிய பணம் வரவே வராது. அதனால்தான் வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் நேராக பானட்டைத் திறந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

நீங்கள் போகும்போது பானட்டைக் கடைசியில் திறங்கள். கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கை மெல்ல உரித்துப் பாருங்கள். தகரத்தின் விளிம்பு அங்கே அப்பட்டமாகத் தெரியும். கால்மிதியைத் தூக்கி, அடியில் இருக்கும் கார்ப்பெட்டையும் ஒரு மூலையில் தூக்கச் சொல்லுங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை வெளியே எடுத்து அந்தக் குழியைத் தடவுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவின் கீழ்ப்பாகத்திலும் பின்சக்கரத்துக்கு மேலேயும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே இருப்பது தகரத்தைவிட அதிகமாகப் பட்டிதான். பிறகு வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியைத் தூக்கவேண்டும். இதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். தூக்கிய வண்டியின் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டுங்கள். கெட்டித் தகரம் கணீர் என்று பேசும், அரித்த தகரம் மொத்தென்று அடங்கிவிடும். பிரேக் பைப் போகும் வழி முழுவதையும் டார்ச் அடித்துப் பார்க்கவேண்டும், அது உயிர் விஷயம். பானட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் வந்து பூட்டும் மேல்தகரத்தையும், கடைசியாக சேசிஸ் நம்பரையும் பாருங்கள். துருவில் அந்த எண்ணெழுத்து மங்கியிருந்தால் ஆர்.சி. புதுப்பிக்கும்போது ஆர்டிஓ ஆபீசில் நிற்பது நீங்கள்தான்.

வேலூர், திருவண்ணாமலை, சேலம் பக்கத்திலேயே ஓடிய வண்டி கிடைத்தால் பத்தாயிரம் கூடக் கொடுத்தும் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம். டிஎன் 03, டிஎன் 04 என்று தொடங்கும் வண்டிகளை ஒதுக்கச் சொல்லவில்லை. ராத்திரி எங்கே நின்றது, மூடிய ஷெட்டிலா, கடலோரத் தெருவிலா என்று விசாரியுங்கள்.

வெள்ளத்தையும் மறக்கக்கூடாது. 2015 டிசம்பர் மழை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இரண்டிலும் நகரமே தண்ணீரில் நின்றது. 2023இல் மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எர்ணாவூர் வீட்டுச் சுவர்களிலும் எண்ணூர் முகத்துவாரத்து வலைகளிலும் படகுகளிலும் அப்பியது. அந்த வாரத்தில் தெருவில் நின்ற கார்கள் கழுவித் துடைத்து இன்று சந்தையில் இருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் நின்ற கோடு துணியில் தெரியும். சீட் தண்டவாளம், டேஷ்போர்டுக்கு அடியிலுள்ள ஸ்க்ரூக்கள், ஃபியூஸ் பெட்டி இவற்றில் துருவோ வண்டலோ இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஒயரிங் ஒரு மழைக்காலத்தில் சும்மா இருந்துவிட்டு அடுத்த மழைக்காலத்தில் வேலையைக் காட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் உங்கள் மனசு ஃபோர்டின்மேல் விழுந்ததை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் தினமும் போவது கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் சாலை. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு நம் நாட்டுச் சிறிய கார்கள் சிலவற்றை மோதவிட்டுச் சோதித்தபோது ஆல்டோ 800, ஐ10, நானோ உட்பட ஏர்பேக் இல்லாத வண்டிகளுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயமானதே 2019 ஜூலையில்தான். பழைய வேகன் ஆரிலும் சிலவற்றில் மட்டுமே ஏர்பேக், ஏபிஎஸ் இருக்கும். நீங்கள் பார்த்த வண்டியில் அவை இல்லையென்றால், இருக்கிற ஒன்று கிடைக்குமா என்று இன்னும் ஒரு மாதம் தேடுங்கள். இன்னும் ஐம்பதாயிரம் புரட்ட முடிந்தால் டொயோட்டா எட்டியோஸ் லிவா பெட்ரோலைப் பாருங்கள். இரண்டு ஏர்பேக் உள்ள எட்டியோஸ் அதே அமைப்பின் சோதனையில் நாலு நட்சத்திரம் வாங்கியது. விலையும் நிற்கும். செடான் எட்டியோஸ் பல டாக்ஸியாக ஓடியவை; டி போர்டாக இருந்து ஓன் போர்டாக மாற்றியதா என்று ஆர்.சி.யில் பாருங்கள். எந்த வண்டியானாலும் பின்சீட்டில் அம்மாவுக்கும் பெல்ட் போடுங்கள்.

காகிதங்கள். உங்கள் 2013 வண்டியின் ஆர்.சி. 2028இல் முடிகிறது. நாலு வருடம் ஓட்டுவதென்றால் இடையில் நீங்களே புதுப்பிக்க வேண்டிவரும். 2022 ஏப்ரலிலிருந்து அதற்குக் கட்டணம் 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டிய வண்டிக்கு 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. புதுப்பித்தால் அடுத்த ஐந்து வருடத்துக்கு ஆர்.சி. இருக்கும், அது விற்கும்போது உங்களுக்குப் பலம். ஆர்.சி. முடிய ஆறு மாதம் இருக்கும்போது விற்கப் போனால்தான் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். வங்கிக் கடன் இருந்த வண்டியானால் ஆர்.சி.யில் எச்பி நீக்கியிருக்கிறதா என்று பரிவாகன் தளத்தில் பார்க்கலாம். பாக்கி அபராதமும் அங்கேயே தெரியும்.

படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கியதும் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். வெறும் கையெழுத்துப் படிவத்தோடு வண்டி கைமாறிக்கொண்டே போகும் பழக்கம் நம் பக்கம் உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே பெயர் மாற்றுவது இன்றைய ஓனருக்கு நீங்கள் செய்யும் மரியாதை. நாளை நீங்கள் விற்கும்போதும் இதையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்சூரன்சை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

பேரத்துக்கு இரண்டு பிடி தருகிறேன். 2025 செப்டம்பர் 22இலிருந்து சிறிய புதுக் கார்களுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; புதுசு இறங்கினால் பழசும் இறங்கத்தான் வேண்டும். இன்னொன்று டயர். எம்ஆர்எஃப் பிறந்த ஊர்க்காரருக்கு இதை நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதிவிடுகிறேன்: பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 3519 என்றால் 2019ஆம் வருடம் 35ஆவது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய டயரை மாற்றத்தான் வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். ஒன்றேமுக்காலையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். ஒன்றரைக்குள் முடித்து இருபத்தைந்தாயிரத்தைக் கையில் வையுங்கள்: பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், டயர், பெட்ரோல் ஹோஸ் எல்லாம் அதிலிருந்து. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்காகச் செய்யப்படாத பழைய வண்டியில் ரப்பர் ஹோஸையும் சீலையும் ஒருமுறை பார்த்து மாற்றிவிடுவது நல்லது.

வாங்கிய பிறகு வாரம் ஒருமுறையாவது நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாதீர்கள், உள்ளே ஈரம் வியர்த்துத் தகரத்தைத் தின்னும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், விற்பவர் வண்டியை ஸ்டார்ட் செய்து வைப்பதற்கு முன்பே போய்ச் சேருங்கள். குளிர்ந்த இன்ஜின்தான் புகையை மறைக்காது. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போங்கள், அவருக்கு அரைநாள் கூலியை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கதவடி, ஸ்டெப்னிக் குழி, சேசிஸ் நம்பர் மூன்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அன்றைக்கே பதில் எழுதுகிறேன்; அதன்பின் அட்வான்ஸ் கொடுக்கலாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்