தேய்ந்த கேம் ஷாஃப்டும் ஒன்பதாம் வகுப்பும்

எங்கள் வீட்டு மாருதி 800 வண்டிக்குச் சென்ற கோடை விடுமுறையில் கேம் ஷாஃப்ட் மாற்றினோம். கழற்றிப் போட்ட பழைய இரும்புத் தண்டை எடைக்குப் போட்டிருந்தால் ஒரு வேளைக் காய்கறிச் செலவுக்குக்கூடக் காணாது. பழைய துணியில் சுற்றி அதைப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். அளவீடு, விகிதம், இயக்கம் ஆகிய மூன்று பாடங்களுக்கு அது துணைக்கருவியாகியிருக்கிறது. அதைவிட முக்கியமாக, பள்ளியை விட்டு நழுவிக்கொண்டிருந்த ஒரு மாணவனைப் பேச வைத்திருக்கிறது. அந்த அனுபவத்தைப் பகிரவே இக்கட்டுரை.

வீட்டு வாசலில் நடந்த பாடம்

சில மாதங்களாகவே வண்டியில் 'டிக் டிக்' என்ற சத்தம். டேப்பட் சரிசெய்தால் சில நாள் அடங்கும், பிறகு மீண்டும் கேட்கும். இழுவையும் குறைந்தது. மெக்கானிக்கான என் தம்பி மேல்மூடியைத் திறந்து பார்த்தான். "கேம் தேஞ்சிருச்சுக்கா. ஆயில் மாத்தறதுல அசட்டையா இருந்திருக்கீங்க" என்றான். உண்மைதான். தேர்வுப் பணி, திருத்தும் பணி என்று இரண்டு முறை தள்ளிப் போட்டது நான்தான்.

வாசலிலேயே வேலை தொடங்கியது. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றினோம். முதல் சிலிண்டரின் பிஸ்டன் மேல் எல்லைக்கு வரும்படி எஞ்சினைக் கையால் சுற்றி, பல்சக்கரங்களின் குறிகள் நேராக நிற்பதைப் படமெடுத்தேன். டைமிங் பெல்ட், டிஸ்ட்ரிபியூட்டர், ராக்கர் ஆர்ம்கள் என வரிசையாகக் கழற்றியதும் தண்டு உருவ வந்தது. கழற்றியவற்றை வரிசை மாறாமல் அட்டையில் எண் எழுதி வைத்தேன்.

புதிய தண்டின் மேடுகளில் எண்ணெய் தடவிப் பொருத்திய பின், "நான் மாட்டறேன்" என்று டைமிங் பெல்ட்டை நானே மாட்டினேன். பார்வைக்குச் சரியாகத்தான் இருந்தது. தம்பி உடனே சாவியைப் போடவில்லை. "கையால ரெண்டு சுத்து சுத்திப் பாருங்கக்கா" என்றான். சுற்றினேன். ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தேன்! சில எஞ்சின்களில் இத்தகைய பிழை கூடினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். விடையை எழுதிய பின் சரிபார் என்று பிள்ளைகளிடம் தினமும் சொல்கிறோம். அதன் பொருள் எனக்கு அன்று வாசலில் புரிந்தது.

கேம் ஷாஃப்ட் செய்வது என்ன?

எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் நுழைய ஒரு கதவு, புகை வெளியேற ஒரு கதவு. இவையே வால்வுகள். உரிய நொடியில் இவற்றைத் திறப்பது கேம் ஷாஃப்ட். தண்டின் மீது முட்டை வடிவ மேடுகள் இருக்கும். தண்டு சுழலும்போது மேடு ராக்கர் ஆர்மைத் தள்ள, அது வால்வைத் திறக்கும். மேடு விலகியதும் சுருள்வில் வால்வை மூடிவிடும். சுழல் இயக்கம் ஏறி இறங்கும் இயக்கமாக மாறுவது இப்படித்தான்.

உறிஞ்சுதல், அமுக்குதல், வெடித்தல், வெளியேற்றல் என்னும் நான்கு செயல்களும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்ற வேண்டும். அதற்குள் ஒவ்வொரு வால்வும் ஒரு முறைதான் திறக்கும். ஆகவே கேம் ஷாஃப்ட் பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். அதற்காகவே அதன் பல்சக்கரத்தில் கிராங்க் பல்சக்கரத்தைப் போல இரு மடங்கு பற்கள் இருக்கின்றன.

வகுப்பில் செய்தவை

1. அளவீடு (ஒன்பதாம் வகுப்பு): வெர்னியர் அளவியைக் கொண்டு மேடுகளின் உயரத்தை அளக்கச் சொன்னேன். உள்வால்வு மேடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும், வெளிவால்வு மேடுகளை அவற்றுக்குள் ஒப்பிட வேண்டும். அளவுகோலில் எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. வெர்னியரில் ஒரு மேடு மட்டும் 0.6 மி.மீ. குறைவு எனக் கண்டார்கள். "இத்தனூண்டுக்கா டீச்சர் வண்டி இழுக்கல?" என்றாள் ஒரு மாணவி. மீச்சிற்றளவு எதற்கு என்ற கேள்வி அதன்பின் எழவில்லை.

2. எதிர் விகிதம் (ஏழாம் வகுப்பு): ஒன்றோடொன்று இணைந்த பல்சக்கரங்களில் பற்களின் எண்ணிக்கையைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் தொகை மாறாது. 20 பற்கள் உள்ள சக்கரம் 2 சுற்று சுற்றினால், 40 பற்கள் உள்ள சக்கரம் 1 சுற்று. 40 பற்கள் உள்ள சக்கரத்தில் ஒரு பல் தள்ளினால் 360 ÷ 40 = 9 பாகை பிழை. கிராங்க் ஷாஃப்டின் கணக்கில் அது 18 பாகை. நான் செய்த தவற்றையே கணக்காகக் கொடுத்தபோது பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

3. வேகம்: கிராங்க் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒரு வால்வு எத்தனை முறை திறக்கும்? நிமிடத்துக்கு 1500, நொடிக்கு 25, ஒரு மணி நேரத்தில் 90,000. இத்தனை முறை உரசும் இடத்தில் எண்ணெய் கெட்டுப்போனால் என்னாகும் என்பதை அவர்களே சொன்னார்கள்.

4. தொடக்க வகுப்புகளுக்கு: ஒரு காலி அட்டைப்பெட்டி, விளக்குமாற்றுக் குச்சிகள், கெட்டி அட்டை போதும். வட்ட அட்டையின் நடுவில் குச்சியைச் செருகிச் சுற்றினால் மேலே நிற்கும் காகிதக் குருவி அசையாது. துளையை ஓரமாகப் போட்டால் குருவி குதிக்கும். முட்டை வடிவ அட்டையை மாட்டினால் எப்படிக் குதிக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காரணத்தை நாம் சொல்ல வேண்டாம், குழந்தைகள் சொல்வார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்

எங்கள் பள்ளி விசைத்தறிகள் நிறைந்த பகுதியில் உள்ளது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாணவன் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வருவான். கேட்டால் தலை குனிந்து நிற்பான். அப்பாவோடு தறிக் குடோனுக்குப் போவதாக மற்ற பிள்ளைகள் சொன்னார்கள். நானும் கண்டித்துப் பார்த்தேன், வீட்டுக்கும் போய்ப் பேசினேன். பலனில்லை.

அன்று நான் 'டேப்பட்' என்ற சொல்லைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தான். "டீச்சர், இது எங்க தறியிலயும் இருக்குதுங்க. அதுவும் பாதி சுத்துதானுங்க சுத்தும்" என்றான். எனக்குத் தெரியவில்லை. "நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்றேன்.

மாலையில் அவன் அப்பாவின் அனுமதியோடு குடோனுக்குப் போனேன். தறியை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றிக் காட்டினார். மேல் தண்டு ஒரு சுற்று சுற்றினால் நாடா ஒரு முறை ஓடி ஒரு ஊடை நூல் விழுகிறது. கீழ்த் தண்டு அதற்குள் அரைச் சுற்றுதான். அதில் உள்ள டேப்பட்டுகள் விழுதுகளை மாற்றி மாற்றி ஏற்றி இறக்கிப் பாவு நூலைப் பிரிக்கின்றன. சாதா நெசவில் இரண்டு ஊடைக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வருவதால் கீழ்த் தண்டுக்குப் பாதி வேகம். காரில் உள்ள அதே 2:1!

மறுநாள் சாக்பீஸை அவனிடம் கொடுத்தேன். கரும்பலகையில் தறியை வரைந்து விளக்கினான். பத்து நிமிடம் வகுப்பில் வேறு சத்தமில்லை. அவனை நான் 'படிப்பு வராதவன்' என்று மனத்துக்குள் எழுதி வைத்திருந்தேன். அதை அன்று அழித்தேன். இப்போது அவன் பெரும்பாலான நாள்கள் வருகிறான். தேர்வில் இன்னும் தடுமாறுகிறான். ஆனால் கேள்வி கேட்கிறான். "பள்ளிக்கூடத்துல தறியைப் பத்தியெல்லாம் சொல்லித் தர்றீங்களா?" என்று அவன் அப்பா கேட்டது என் காதில் இன்னமும் ஒலிக்கிறது. மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவு இருப்பதை அவரிடம் விளக்கியிருக்கிறேன்.

நம் ஊரின் மரபு

கோவைக்கு இது புதிதல்ல. கலங்கலில் 1893இல் பிறந்த ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்குவதற்காக உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் அதைப் பிரித்து மீண்டும் பூட்டிக் கற்றுக்கொண்டார். 1920இல் பொள்ளாச்சி – பழநி இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். 1945இல் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகவும் காரணமானார். அவினாசி சாலையில் அவர் பெயரால் உள்ள அருங்காட்சியகத்துக்கும் கார் அருங்காட்சியகத்துக்கும் மாணவர்களை அழைத்துச் செல்லலாம். பிரித்துப் பார்க்கும் ஆசையை அவருடைய பள்ளிக்கூடம் கண்டுகொள்ளாமல் விட்டது. நாம் விடக்கூடாது.

கவனத்தில் கொள்க

• ஓடும் எஞ்சினிலும் ஓடும் தறியிலும் மாணவர்களைக் கைவைக்க விடக்கூடாது. கழற்றிய, சுத்தம் செய்த பாகங்களை மட்டுமே வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.
• எண்ணெய்ப் பிசுக்கையும் கூர்முனைகளையும் முன்னரே நீக்கிவிடுங்கள். கனமான தண்டை மேசை மீது கட்டைகளுக்கு இடையே வையுங்கள்.
• கேம் ஷாஃப்ட் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். பக்கத்து ஒர்க்ஷாப்பில் கேட்டால் தேய்ந்ததைத் தருவார்கள். பழைய கால்மிதி தையல் இயந்திரத்தில் நூலைத் தூக்கும் கையை இயக்குவதும் கேம்தான்.

மாணவர்களிடம் கேட்க: உங்கள் வீட்டில், தெருவில், பெற்றோர் வேலை செய்யும் இடத்தில் சுழல்வதை ஏறி இறங்குவதாக மாற்றும் பொருள் எது? ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வரும் விடைகளில் நமக்கே தெரியாதவை பல இருக்கும். தெரியாது என்று ஒப்புக்கொண்டு, மாலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.