செபித்தபின் மாத்திரை எதற்கு என்பவர்களுக்கு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் கிறித்தவக் குடும்பங்களிடையே, குறிப்பாகச் சுகமளிக்கும் கூட்டம் ஒன்று நடந்து முடிந்த அடுத்த சில வாரங்களில், ஒரே பேச்சு வீடு வீடாகச் சுற்றி வருகிறது: செபித்தாயிற்று, சாட்சியும் சொல்லியாயிற்று, இனியும் மாத்திரை விழுங்கினால் அது விசுவாசக் குறைவு, பெற்ற சுகம் கைவிட்டுப் போய்விடும் என்பது அது. இதைச் சொல்பவர் பெரும்பாலும் மேடையில் நின்ற போதகர் அல்லர்; வீட்டுச் செபக்குழுவை நடத்துபவரோ, உபவாசக் கூட்டத்தில் பக்கத்தில் அமர்ந்தவரோ, லைன் வீட்டில் அடுத்த கதவுக்காரரோ சொல்கிறார், அதையும் பாசத்தோடுதான் சொல்கிறார். பாசத்தோடு சொல்லப்பட்டாலும் இது பச்சைப் பொய். நோயாளியின் உயிரைப் பணயம் வைக்கிற பொய் என்பதால் இதற்கு மரியாதைக்காகக்கூட இடம் கொடுக்க முடியாது.

இது இவ்வளவு எளிதில் நம்பப்படுவதற்கான காரணம் உடலின் போக்கிலேயே இருக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயை எடுத்துக்கொள்ளலாம். கணையம் இன்சுலின் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுவதால், பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளவயதினருக்கும் வருகிற நோய் அது. ஊசி தொடங்கிய பிறகு, கணையத்தில் எஞ்சியிருக்கும் உயிரணுக்கள் சற்றே ஓய்வு பெற்று மீண்டும் கொஞ்சம் சுரக்கத் தொடங்குவதால், சில வாரங்களோ சில மாதங்களோ பலருக்கு ஊசியின் அளவு குறைந்துகொண்டே வரும். மருத்துவர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். பெயருக்கேற்ப அது நிலைப்பதில்லை. அந்த மாதத்தில் உபவாசம் இருந்து செபித்த குடும்பம், குளுக்கோமீட்டரில் எண் இறங்குவதைப் பார்த்துவிட்டுக் குழந்தை குணமானது என்று முடிவுகட்டி ஊசியை நிறுத்துகிறது. இன்சுலின் இல்லாத உடல் சர்க்கரையை எரிக்க முடியாமல் கொழுப்பை எரிக்க, இரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. கீட்டோ அமிலத் தேக்கம் என்பது இதன் பெயர். வாந்தி, வயிற்றுவலி, ஆழமாக இழுத்து இழுத்து விடும் மூச்சு, அம்மூச்சில் கனிந்து அழுகிய பழத்தின் வாடை, பிறகு மயக்கம் என்று ஓரிரு நாளுக்குள் எல்லாம் நடந்துவிடுகின்றன. இந்த வேளையில் இது சத்துருவின் சோதனை, இன்னும் உறுதியாக நில்லுங்கள் என்று சொல்லிக் கழிக்கப்படும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தக் குழந்தையின் ஆயுளிலிருந்து கழிகிறது. 1922 சனவரியில் டொராண்டோவில் முதல் நோயாளிக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை; அவர்களுக்காகவும் தாய்மார்கள் கண்ணீரோடு செபித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

வலிப்பு நோயிலும் இதே ஏமாற்றம் உண்டு. மருந்து இரத்தத்தில் இருப்பதால்தான் வலிப்பு வராமல் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தியவுடன் ஓரிரு நாள் ஒன்றும் நேராதிருப்பது, மருந்து மெல்ல மெல்லவே வடிகிறது என்பதைக் காட்டுமே தவிர நோய் நீங்கிவிட்டது என்பதைக் காட்டாது. அதன்பின் வருவது பலவேளைகளில் பழைய வலிப்பைவிடக் கொடியது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் தொடர்ந்தால் மூளையும் உயிரும் ஆபத்தில் இருக்கின்றன என்று கொண்டு உடனே ஆம்புலன்சை அழைத்தாக வேண்டும். காசநோயிலோ, இரண்டு மாதம் நான்கு மருந்துகளும் அடுத்த நான்கு மாதம் மூன்று மருந்துகளுமாக நடக்கும் சிகிச்சையில், முதல் சில வாரங்களிலேயே காய்ச்சல் விட்டு, இருமல் அடங்கி, பசி எடுக்கத் தொடங்கிவிடும். அப்போது நிறுத்துபவரின் நுரையீரலில் மிஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறக்கூடும். மாறியவை அவரோடு நிற்பதில்லை, ஒரே சுவரைப் பங்கிடும் வீடுகளுக்கும், ஒரே ஷிப்டில் நிற்கும் பனியன் கம்பெனித் தொழிலாளருக்கும் பரவுகின்றன. சானடோரியத்தில் படுத்தால்தான் காசநோய் தீரும் என்றிருந்த கருத்தை உடைத்தது, 1956இல் சென்னையில் தொடங்கி 1959இல் முடிவுகள் வெளியான ஆய்வு. வீட்டிலேயே ஒழுங்காக மருந்து உண்டவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகத் தேறினார்கள் என்று அது நிறுவியது. பெருந்துறைச் சானடோரியத்தை இன்றும் பெயர் சொல்லி நினைவுகூரும் கொங்கு நாட்டார் அந்த ஒழுங்கு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும்.

வேதத்தை மேற்கோள் காட்டித்தான் மருந்தை நிறுத்தச் சொல்கிறார்கள் என்பதால் வேதத்தையே பார்க்கலாம். லேவியராகமம் 13, 14ஆம் அதிகாரங்களின்படி, தோல் நோயைச் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு ஆசாரியருடையது. ஐயம் இருந்தால் ஏழு நாள் தனியே வைத்து, ஏழாம் நாள் மறுபடி பார்த்து, அப்போதும் தெளிவாகாவிட்டால் இன்னும் ஏழு நாள் காத்திருந்து பார்க்க வேண்டும் என்று நடைமுறை அங்கே நுணுக்கமாக வகுக்கப்பட்டுள்ளது. இயேசு தொழுநோயாளியைத் தொட்டுக் குணமாக்கியபின் அவனை அனுப்பியது அந்த ஆசாரியரிடம். லூக்கா 17இல் வரும் பத்துத் தொழுநோயாளரையும் ஆசாரியரிடமே அனுப்பினார். குணமாக்கியவரே, குணமானதைப் பார்க்கத் தெரிந்தவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அனுப்பியிருக்க, அவர் பெயரால் செபிப்பவர் பரிசோதனைக்குப் போவதை அவிசுவாசம் என்பது எந்த வேதபாடம்? எசேக்கியா ராஜாவுக்கு ஆயுள் நீட்டிக் கொடுக்கப்பட்ட பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழப் பற்றைப் பிளவையின்மேல் போடச் சொன்னார். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குப் பவுல் சொன்னது கொஞ்சம் திராட்சரசம். தம்முடன் வந்த துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாகவே விட்டுச் சென்றார், அவனுக்கு விசுவாசம் போதவில்லை என்று எங்கும் எழுதவில்லை. ஆசா ராஜா வைத்தியரைத் தேடிக் கெட்டான் என்று எடுத்துக்காட்டுவோர், இரண்டாம் நாளாகமம் 16ஆம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசிக்க வேண்டும். சீரியாவின் ராஜாவை நம்பி, கடிந்துகொண்ட ஞானதிருஷ்டிக்காரனைச் சிறையில் போட்டு, கர்த்தரை அறவே விட்டுவிட்ட ஒருவனின் கதை அது, மருந்து உண்டவனின் கதையன்று.

மருந்து வேண்டாம் என்பது ஆதித் திருச்சபையின் உபதேசம் என்ற எண்ணமும் தவறு. அந்தக் கடுமையான வடிவத்தைப் பரப்பியவர்களில் முதன்மையானவர், 1901இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சீயோன் என்ற நகரை நிறுவி, மருத்துவரையும் மருந்தையும் வெளிப்படையாக எதிர்த்த ஜான் அலெக்சாண்டர் டூவி. தமிழ் மண்ணில் கிறித்தவம் வேறு வழியில் வளர்ந்தது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார், 1900இல் ஐடா ஸ்கடர் வேலூரில் பணி தொடங்கினார், ஈரோட்டில் லண்டன் மிஷன் வழிவந்த மருத்துவமனை தென்னிந்தியத் திருச்சபையின் மருத்துவமனையாக இன்றும் இருக்கிறது, 1955இல் ஏ.கே. தரியன் ஒட்டன்சத்திரத்தில் கிறித்தவ ஐக்கிய மருத்துவமனையைத் தொடங்கினார். இவர்கள் விசுவாசம் குறைந்தவர்கள் என்று சொல்லத் துணிபவர் யார்?

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. சாமியார் வந்து எண்ணெய் பூசினால் ஆள் பிழைக்கமாட்டார் என்று கத்தோலிக்கக் குடும்பங்கள் இன்னும் அஞ்சுகின்றன. அவஸ்தைப் பூசுதல் என்ற பழம்பெயரால் வந்த அச்சம் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் 1972இல் ஆறாம் பவுல் திருத்தந்தை வெளியிட்ட ஒழுங்கும் அதை நோயில்பூசுதல் என்றே தெளிவாக்கிவிட்டன, அறுவை சிகிச்சைக்கு முன்பும் கேட்டுப் பெறலாம். வலிப்பு வந்தால் பேய் பிடித்தது என்போர், மத்தேயு 4ஆம் அதிகாரம் பிசாசு பிடித்தவரையும் சந்திரரோகிகள் எனப்படும் வலிப்பு நோயாளிகளையும் தனித்தனியே எண்ணுவதைப் பார்க்கட்டும். செபித்த எண்ணெயை நெற்றியில் பூசுவதில் தீங்கில்லை; சர்க்கரை நோயாளியின் உணர்ச்சியற்ற பாதப் புண்ணில் அதை ஊற்றிக் கட்டிவைப்பது காலை இழக்கும் வழி. பிறர் செபிப்பதன் பலனை அளந்து காட்டலாம் என்பதும் எடுபடவில்லை: 2006இல் வெளியான, இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரின் ஆய்வில், தெரியாமல் செபிக்கப்பட்டவர்களில் 52 விழுக்காட்டினருக்கும், செபிக்கப்படாதவர்களில் 51 விழுக்காட்டினருக்கும் சிக்கல்கள் வந்தன. செபத்தைச் சோதனைக் குழாயில் போடுவது அதன் இயல்புக்கே பொருந்தாது.

செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அதைச் சபைகள் செய்யாமல் இருப்பதற்குச் சொல்லும் எந்தக் காரணமும் ஏற்கத்தக்கதன்று. 1980களின் நடுவில் சிகாகோ வட்டாரத்தில் லுத்தரன் போதகர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் சபைதோறும் ஒரு செவிலியரை அமர்த்தும் முறையைத் தொடங்கினார். ஆலயச் செவிலியர் என்று தமிழில் சொல்லலாம். ஏர்வாடி தர்காவில் தமிழக அரசு மனநல மருந்தையும் துவா எனும் இறைவேண்டலையும் ஒரே இடத்தில் கொடுக்கும் தவா-துவா திட்டத்தை நடத்திக் காட்டியிருக்கிறது. கோவையின் ஆலயங்களில், அரசு மருத்துவமனைகளிலும் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையிலும் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியருக்குப் பஞ்சமில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் ஒரு மேசை, ஒரு இரத்த அழுத்தக் கருவி, ஒரு குளுக்கோமீட்டர், ஒரு நோட்டு போதும். சுகம் பெற்றேன் என்று சாட்சி சொல்ல வருபவரின் கையிலுள்ள மாத்திரை அட்டையை அந்தச் செவிலியர் வாங்கி, உடைக்காமல் மிஞ்சியிருக்கும் குமிழிகளை எண்ணி, தேதியைக் குறித்து, மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டோடு அவரைத் திங்கட்கிழமை வெளிநோயாளர் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். சாட்சியை மருத்துவர் பார்த்த பிறகு, அடுத்த வாரம் மேடையில் கேட்டுக்கொள்ளலாம்.