குளிர்கால நகரமும் பெட்ரோல் செலவும்

வெப்பத்தைப் பற்றியும் வாயுக்களைப் பற்றியும் வகுப்பில் நாம் படிக்கும் விதிகள் சோதனைச் சாலையோடு நின்றுவிடுவதில்லை. பல்லாயிரம் கல் தொலைவில் உள்ள ஒரு நகரத்தில், பனிக்காலத்தில் ஒரு குடும்பத்தின் வரவு செலவையே அவை மாற்றிவிடுகின்றன. அது எவ்வாறு என்று காண்போம்.

கனடா நாட்டின் மனிடோபா மாநிலத் தலைநகர் வின்னிபெக். செந்நதி எனப்படும் ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடும் சமவெளியில் அமைந்த ஊர். மலையோ கடலோ அருகில் இல்லாததால் வடதுருவக் காற்று தடையின்றி வந்து சேருகிறது. ஜனவரி மாதத்தில் சராசரி வெப்பநிலை சுழிக்குக் கீழே 16 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். இரவில் சுழிக்குக் கீழே 30 வரை இறங்குவதும் அங்கே புதுமையன்று. அவ்வூரில் ஒரு குடும்பம் எஸ்.யூ.வி. எனப்படும் உயரமான, கனமான வண்டி ஒன்றை வைத்திருக்கிறது எனக் கொள்வோம். கோடையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் பெட்ரோல் போதுமானதாக இருந்தது. ஜனவரியில் அதே வண்டி, அதே தெருக்களில், 15 லிட்டருக்கு மேல் கேட்கிறது. டாங்கியில் ஓட்டை விழுந்துவிட்டதோ, எஞ்சின் கெட்டுவிட்டதோ என்று வீட்டார் அஞ்சுவது இயல்புதானே? பட்டறைக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்துத் தேடினாலும் பெரும்பாலும் பழுது எதுவும் அகப்படுவதில்லை. வண்டி நன்றாகத்தான் இருக்கிறது; மாறியது வெப்பநிலை ஒன்றே.

முதல் காரணமும் முக்கியமான காரணமும் எஞ்சினின் குளிர்ச்சியாகும். எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏறத்தாழ 90 டிகிரியை எட்டிய பிறகே அது செவ்வையாக வேலை செய்யும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கோடையில் 25 டிகிரியில் நிற்கும் வண்டிக்கு இன்னும் 65 டிகிரி ஏறினால் போதும். சுழிக்குக் கீழே 20-ல் நிற்கும் வண்டியோ 110 டிகிரி ஏற வேண்டும். எஸ்.யூ.வி.யின் எஞ்சின் பெரியது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் எண்ணெயும் நீரும் மிகுதி. நிறை கூடினால் வெப்ப ஏற்புத்திறனும் கூடும் என்பது நாம் அறிந்ததே. ஆகவே சூடேறும் காலமும் நீளுகிறது.

அந்தச் சூடேறும் காலத்தில் உள்ளே நடப்பதைக் கவனியுங்கள். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று என்பது முறையான கலவை. குளிர்ந்த எஞ்சினுக்குள் தெளிக்கப்படும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவர்களில் துளிகளாகப் படிந்துவிடுகிறது. எஞ்சினை ஆளும் மின்னணுக் கருவி இதை அறிந்து, ஆவியாகும் பங்காவது போதுமான அளவு கிடைக்கட்டும் என்று அதிகப் பெட்ரோலைத் தெளிக்கிறது. இது ஓட்டுநர் கண்ணில் படாத செலவு. இதனோடு எண்ணெயின் பாகுநிலையும் சேர்ந்துகொள்கிறது. குளிரில் எண்ணெய் தடித்துப் போவதால், எஞ்சின் தன் உறுப்புகளைச் சுழற்றுவதற்கே கூடுதல் ஆற்றலைச் செலவிடுகிறது. எண்ணெய் டப்பாவில் ‘5 டபிள்யூ 30’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்போம். அந்த ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறியதாக இருந்தால் அந்த எண்ணெய் குளிரிலும் எளிதில் ஓடும் என்று பொருள். எஸ்.யூ.வி. வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்வதால், பற்சக்கரப் பெட்டிகளும் அவற்றிலுள்ள எண்ணெயும் சிறு கார்களை விட அதிகம். அவையும் குளிரில் இறுகிக் கிடக்கின்றன.

நகரத்துப் பயணமோ பெரும்பாலும் குறுகிய பயணம். பள்ளிக்கு 4 கிலோமீட்டர், கடைக்கு 3 கிலோமீட்டர். எஞ்சின் சூடேறி முடிவதற்குள் ஊர் வந்துவிடுகிறது. வண்டியை நிறுத்தியதும் மறுபடி உறைந்துபோகிறது. நெடுஞ்சாலையில் 200 கிலோமீட்டர் செல்பவருக்கு இந்தத் தொடக்கச் செலவு ஒரு முறைதான். நகரவாசிக்கு நாளுக்கு நான்கு முறை. அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கின்படி, 25 டிகிரியில் ஓடுவதோடு ஒப்பிட்டால், சுழிக்குக் கீழே 7 டிகிரியில் ஒரு சாதாரண பெட்ரோல் கார் நகரத்துக்குள் ஒரு அளவு பெட்ரோலில் ஓடும் தூரம் ஏறத்தாழ 15 விழுக்காடு குறைகிறது. 5, 6 கிலோமீட்டர் பயணங்களில் இது 24 விழுக்காடு வரை போகலாம். இங்கே ஒரு சிறு கணக்கு. 100 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோலில் 76 தான் ஓடுகிறது என்றால், அதே 100 கிலோமீட்டருக்கு வேண்டிய பெட்ரோல் 24 விழுக்காடு அன்று, 32 விழுக்காடு கூடுகிறது. 100-ஐ 76-ஆல் வகுத்துப் பார்த்தால் விளங்கும். இந்தக் கணக்கைப் பெரியவர்களே பல நேரம் தவறவிடுகிறார்கள்.

இனி எடை. 2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 13.9 மீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 193 கிலோ ஜூல். சிவப்பு விளக்கைக் கண்டு பிரேக்கை அழுத்தியதும் அவ்வளவும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. பெட்ரோலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்தை எட்டுகிறது என்று கொண்டால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஏறக்குறைய 30 மில்லி லிட்டர் பெட்ரோல் போகிறது. இருபது சிக்னல் என்றால் 600 மில்லி லிட்டர்! 1,200 கிலோகிராம் கார் இதில் அறுபது விழுக்காட்டோடு தப்பிக்கொள்ளும். பனியில் நான்கு சக்கர விசை வண்டியைக் கிளப்ப உதவும், உண்மைதான். ஆனால் நிறுத்துவதற்கு அது உதவாது. கனமான வண்டி வழுக்கினால் மேலும் ஆபத்தே.

டயரிலும் பாடம் உண்டு. 20 டிகிரியில் 35 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடித்த டயர், சுழிக்குக் கீழே 20-க்கு வரும்போது, கசிவே இல்லாமல், 28 பவுண்டுக்கு இறங்கிவிடும். (கெல்வினில் 293-லிருந்து 253 ஆகிறது, வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பதை மறவாதீர்கள்.) தளர்ந்த டயர் உருள அதிக விசை தேவை, தெருவில் கிடக்கும் பனிச்சேறும் இழுத்துப் பிடிக்கும். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது என்பதால் எதிர்ப்பு கூடும் என்பார்கள். அது நெடுஞ்சாலை வேகத்தில்தான் பெரிது, நகரத்தில் அத்துணை இல்லை. குளிர்காலப் பெட்ரோலும் லிட்டருக்குச் சற்றே ஆற்றல் குறைந்தது. விளக்கு, துடைப்பான், சூடேற்றும் இருக்கை ஆகியவற்றின் மின்சாரமும் பெட்ரோலிலிருந்தே பிறக்கிறது.

ஆனால் நம் கையில் உள்ள ஒரு செலவு உண்டு: வண்டியை நிற்க வைத்தே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றும் பழக்கம். பழைய கார்புரேட்டர் வண்டிகளுக்கு அது வேண்டியிருந்தது. இன்றைய வண்டிக்கு ஒரு நிமிடத்துக்குள் புறப்பட்டு, முதலில் மெதுவாக ஓட்டிச் செல்வதே விரைவில் சூடேற்றும் வழி. 3 லிட்டர் எஞ்சின் பத்து நிமிடம் சும்மா ஓடினால் ஏறத்தாழ 300 மில்லி லிட்டர் பெட்ரோல் தீரும் என்று கனடா அரசின் இயற்கை வளத்துறை கூறுகிறது. ஓடிய தூரமோ சுழி.

பணத்தை விடப் பெரிய இழப்பும் இதில் ஒளிந்திருக்கிறது. வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால், கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் புகக்கூடும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தந்தை வெளியே பனியை அள்ளிக்கொண்டிருக்க, குழந்தைகளைக் கதகதப்பாக இருக்கட்டும் என்று வண்டிக்குள் உட்கார வைக்கிறார்கள். புகைக்குழாயின் வாயைப் பனி மூடியிருந்தால் நஞ்சு உள்ளேயே திரும்புகிறது. முதலில் குழாய் வாயைச் சுத்தம் செய்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும் என்று அந்நாடுகளில் ஒவ்வொரு பனிக்காலமும் எச்சரிக்கிறார்கள்.

உண்மையான பழுதும் சில வண்டிகளில் இருக்கலாம். அரைமணி நேரம் ஓடியும் வெப்பமானியின் முள் நடுவுக்கு ஏறாவிட்டால், நீரோட்டத்தை அடைக்க வேண்டிய தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது எனலாம். அப்போது பட்டறைக்குச் செல்வதே முறை. அந்தச் சிறு உறுப்பின் விலையும் அதிகமில்லை.

வின்னிபெக் மக்கள் கண்ட வழி எளியது. அங்கே பல கார்களின் முன்புறத்தில் ஒரு மின்கம்பி தொங்குவதைக் காணலாம். வண்டி நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்செருகிகள் நிற்கும். எல்லைக்கு அப்பால், வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949-ல் காப்புரிமை பெற்ற சூடேற்றியின் வழிவந்தவை இவை. நம் வீட்டு வெந்நீர்க் கம்பியைப் போன்றதே, ஆனால் எஞ்சினுக்குள் வைக்கப்பட்டது. இரவு முழுதும் எரிய வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னர் தானே இயங்கும்படி ஒரு நேரக் கருவியைப் பொருத்திவிட்டால் போதும். மின்சாரமும் மிஞ்சும், காலையில் எஞ்சினும் வெதுவெதுப்பாக இருக்கும்.