படபடப்பு எத்தனை மணிக்கு வந்தது?

அப்பாவுக்குப் படபடப்பு எப்போதும் ராத்திரியில்தான் வரும். சாப்பிட்டுவிட்டு இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்த அரைமணி நேரத்தில், நெஞ்சுக்குள் கோழி சிறகடிக்கிற மாதிரி இருக்கிறது என்பார். விடிவதற்குள் அடங்கிவிடும். காலையில் எடுக்கும் இ.சி.ஜி.யில் ஒன்றும் இருக்காது. 'டென்ஷன்தான்' என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை நடுராத்திரியிலேயே ஓடினோம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று அப்போதுதான் பிடிபட்டது.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதுதான் இந்த நோய். நம்மைக் கேட்காமலே இதயத்தை நடத்தும் தானியங்கு நரம்பு மண்டலத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு. அதில் பரிவு நரம்புகள் துடிப்பைக் கூட்டும், வேகஸ் நரம்பு குறைக்கும். அமைதிப்படுத்துகிற வேகஸ் எப்படிக் கெடுதல் செய்யும்? ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் மேலறைத் தசை சற்று ஓய்ந்திருக்க வேண்டும். வேகஸ் விடும் அசிட்டைல்கோலின் அந்த ஓய்வைச் சுருக்கிவிடுகிறது, அதுவும் இடத்துக்கு இடம் வேறுவேறு அளவில். அந்த நேரத்தில் நுரையீரல் சிரைகளிலிருந்து ஒரு பொறி கிளம்பினால் போதும், தாளம் கலைந்துவிடும். ஓட்டம், கோபம், பதற்றம் வரும்போது பொறியைக் கிளப்புவது பரிவு நரம்பு. இந்த இரண்டு வகையையும் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் கூமெல். பலருக்கு இரண்டும் கலந்தே வரும்.

செய்ய வேண்டியவை

• நேரத்தை எழுதி வையுங்கள். படபடப்பு வந்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன் என்ன செய்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள். அப்பாவின் காலண்டரில் பத்துக் குறிப்புகளில் எட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. டாக்டர் அதிகநேரம் பார்த்தது அந்தக் காலண்டரைத்தான்.

• நாடி பார்க்கப் பழகுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக, மூன்று விரல் வைத்து முழு ஒரு நிமிடம். பயந்தால் நாடி வேகமாகும், ஆனால் தாளம் தப்பாது. இந்த நோயில் தாளமே இருக்காது: இரண்டு அடி நெருங்கி விழும், அடுத்தது தள்ளிப்போகும், ஒன்று விரலுக்கே எட்டாது.

• குறட்டையைச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும்போது வேகஸ் தூண்டப்படுகிறது. திணறி விழிக்கும்போது பரிவு நரம்பு பாய்கிறது. ஒரே ராத்திரியில் இரண்டு பக்கமும் இதயத்தை இழுக்கின்றன.

• ராத்திரிச் சாப்பாடு குறைவாக, சீக்கிரமாக.

• எடையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும்.

செய்யக்கூடாதவை

• படபடப்பு நின்றுவிட்டதே என்று, ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் இல்லாதவர்களைவிட அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்த மாத்திரை தேவையா என்பதை வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவைதான் முடிவு செய்கின்றன. எந்த நரம்பு தூண்டியது என்பது அல்ல.

• பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். வேகஸ் வகைக்காரர்களில் சிலருக்கு, துடிப்பைக் குறைக்கத் தரும் பீட்டா பிளாக்கரும் டிகாக்சினும் தொல்லையைக் கூட்டலாம். உங்களுக்கே அவற்றை எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். குறிப்பைக் காட்டிக் கேளுங்கள்.

• மதுவைத் தொடாதீர்கள். 2020-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் குடிப்பழக்கமுள்ள 140 நோயாளிகள் இருந்தார்கள். வழக்கம்போல் குடித்தவர்களில் 73 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. குடியை விடச் சொல்லப்பட்டவர்களில் 53 சதவீதம்.

• காபியை மொத்தமாக விட வேண்டியதில்லை. உங்கள் குறிப்பில் அது அடிக்கடி தலைகாட்டினால் மட்டும் விடுங்கள்.

• கழுத்து நரம்பை அழுத்திவிட்டால் சரியாகும் என்று வீட்டில் முயலாதீர்கள். இந்த நோய்க்கு அது மருந்தல்ல, வயதானவர்களுக்கு ஆபத்து.

• நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு கை தொய்வது – இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108.