மெட்டு ஏறினால் முடிந்ததா?

தேனியில் கிளம்பி, போடி தாண்டிப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என்று ஏலக்காட்டுக்குள்ளேயே தெற்கே போய், குமுளியில் இறங்கி, கம்பம், சின்னமனூர் வழியாகத் தேனிக்கே திரும்பும் சாலைச் சுற்று ஏறக்குறைய 180 கி.மீ. வரும். கொட்டகுடி ஆற்றின் பக்கம் தொடங்கி முல்லையாற்றின் பக்கம் முடிகிற பாதை இது. போடிமெட்டில் வைகைப் படுகையை விட்டுப் பெரியாற்றுப் படுகைக்குள் போகிறோம். குமுளியில் திரும்பி வருகிறோம். சைக்கிளில் ஒரே நாளில் முடிக்கத் தென் தமிழகத்தில் இதைவிட நல்ல சுற்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதற்குத் திட்டம் போடுகிறவர்கள் பலரும் ஒரே மாதிரியான சில நம்பிக்கைகளோடு வருகிறார்கள். மலையேறத் தெம்பு இருந்தும் பாதியில் தளர்ந்து போவதற்கு அவையே காரணமாகின்றன.

“மெட்டு ஏறிவிட்டால் பெரிய வேலை முடிந்தது”

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். போடியிலிருந்து மெட்டு வரை ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்கிறோம். மலையடிவாரத்து முந்தல் வரை சாலை அவ்வளவாக ஏறாது. அங்கிருந்து மேலே சுமார் 20 கி.மீ. தொடர் ஏற்றம், சராசரிச் சரிவு ஐந்து விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். சரிவு பெரிதாக மாறாததால் மிதியின் தாளம் கெடாது. இது நீளமான ஏற்றம்தான், ஆனால் நேர்மையான ஏற்றம். மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறுகிறவருக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

கஷ்டம் அதற்கு மேலேதான். பூப்பாறையிலிருந்து குமுளி வரை ஏறக்குறைய 65 கி.மீ. வரைபடத்தில் பார்த்தால் போடிமெட்டைவிடக் குமுளி சுமார் 500 மீட்டர் தாழ்வு. அதனால் மெல்ல இறங்கிக்கொண்டே போகலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. நிலம் அப்படி இல்லை. மேற்கே ஓடும் ஒவ்வொரு ஓடையும் மலையை வெட்டி ஒரு பள்ளம் வைத்திருக்கிறது. சாலை ஓடைக்கு இறங்கும், பாலம் தாண்டும், அடுத்த முகட்டுக்கு ஏறும். ஒன்றரைக் கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் என்று வரும் இந்தக் குட்டி ஏற்றங்களைக் கூட்டினால் போடிமெட்டுக்குக் குறையாத உயரம் சேர்ந்துவிடும். சரிவும் சீராக இருக்காது. திடீரென்று பத்து விழுக்காட்டைத் தாண்டும். மெட்டில் முழுப் பலத்தையும் செலவழித்தவருக்குச் சாந்தன்பாறை தாண்டியதும் கால் கனக்கும். முந்தலிலிருந்து மெட்டு வரை பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற அளவுக்கு மேல் முக்கக் கூடாது என்பதுதான் இந்தச் சுற்றுக்கு நான் சொல்லும் முதல் விதி.

இதை நம்புவதற்குச் சிலருக்குச் செல்பேசி தடையாக இருக்கிறது. “ஆப் மொத்த ஏற்றத்தைச் சொல்லிவிட்டதே” என்பார்கள். ஆப்கள் பலவற்றுக்கும் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் எடுத்த நில அளவையிலிருந்து வருகிறது. அதில் ஒரு கட்டம் 30 மீட்டரோ 90 மீட்டரோ அகலம். மலையைக் குடைந்து போட்ட சாலையில் ஒரே கட்டத்துக்குள் மேலே பாறையும் கீழே பள்ளமும் இருக்கும். அதனால் மொத்த ஏற்றம் கூடவோ குறையவோ காட்டலாம். குறுகிய செங்குத்துகள் சராசரியில் மறைந்துவிடும். அந்த எண்ணைத் தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

“கடைசி 60 கி.மீ. பள்ளத்தாக்கு, தானாக ஓடும்”

குமுளியிலிருந்து லோயர்கேம்ப் வரை ஆறேழு கிலோமீட்டர் மலைச்சாலை. மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெருங்குழாய்களை வழியில் பார்க்கலாம். 1895 முதல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டு வரும் பெரியாற்று நீர் அது. இந்த இறக்கத்தில் ஏறக்குறைய 400 மீட்டர் கீழே வந்துவிடுகிறோம். அதன்பின் கூடலூரிலிருந்து தேனி வரை சுமார் 50 கி.மீ. தூரத்துக்கு நூறு மீட்டரை ஒட்டிய சரிவுதான். கிலோமீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர். அந்தச் சரிவு சைக்கிளை உருட்டாது. இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்வது காற்று.

தமிழகத்தில் காற்றாலைகளுக்குப் பேர்போன கணவாய்கள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, கம்பம் ஆகிய நான்கு. தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடியில், மலைகளுக்கு இடையே நெருக்கப்பட்ட மேல்காற்று பள்ளத்தாக்கு நெடுகத் தேனியை நோக்கி அடிக்கும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு எதிரே 20 கி.மீ. காற்று வீசினால் உடம்பு 45 கி.மீ. காற்றைக் கிழிக்க வேண்டும். காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடுவதால், அசையாக் காற்றில் இருக்கும் தடையைவிட அது மூன்று மடங்குக்கும் மேல். அதே காற்று முதுகில் அடித்தால் சின்னமனூர் தாண்டியதே தெரியாது.

“எந்தப் பக்கம் சுற்றினாலும் தூரம் ஒன்றுதானே”

தூரம் ஒன்றுதான், நாள் ஒன்றாக இருக்காது. போடியை முதலில் வைத்து இடஞ்சுற்றாகப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. போடிமெட்டுச் சாலை மலையின் கிழக்கு முகத்தில் இருக்கிறது. விடிந்ததும் வெயில் நேராக விழும். காலை ஐந்து மணிக்குத் தேனியை விட்டால் வெயில் ஏறுமுன் பாதி மலை முடிந்திருக்கும். மேடு பள்ளமான நடுப்பகுதி ஏலக்காட்டு நிழலில் பகலில் வரும். குறுகிய குமுளி இறக்கம் மதியத்துக்குப் பின், வெளிச்சத்தில். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் பூப்பாறையிலும் குமுளியிலும் இடப்பக்கமே திரும்பினால் போதும்; எதிர்வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை.

தலைகீழாகச் சுற்றினால் உச்சிவேளையில் குமுளியிலிருந்து பூப்பாறை வரை மொத்தத்தில் ஏறிக்கொண்டே இருப்போம். களைத்த கைகளோடு, மஞ்சு இறங்கக்கூடிய மாலை நேரத்தில், பதினேழு வளைவுகளையும் பிரேக் பிடித்து இறங்க வேண்டிவரும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் அழுத்தினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன்பே அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, பிறகு விட வேண்டும். ஏறிவரும் பேருந்துக்கும் லாரிக்கும் வழி விடுங்கள். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை.

“கார்த்திகை, மார்கழிதான் சரியான காலம்”

குளிர்ச்சி என்று பார்த்தால் சரி. ஆனால் அது சபரிமலைக் காலம். ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி போக்குவரத்தை ஒருவழியாக்குவது வழக்கம். அந்த வாகன வரிசைக்குள் சைக்கிளில் இறங்குவது ஆபத்து. வடகிழக்கு மழையில் போடிமெட்டுச் சாலையில் பாறை உருண்டு விழுவதும் அந்த மாதங்களில்தான். ஆடியில் காற்று பள்ளத்தாக்கில் உதவும். ஆனால் தேனி காய்ந்து கிடக்கும்போதே இடுக்கிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். காற்று, மழை, நெரிசல் மூன்றும் ஒன்றாகச் சாதகமாகும் மாதம் கிடையாது. தை பிற்பகுதியும் மாசியும் எனக்குப் பிடித்தவை. சாலை காய்ந்திருக்கும், கூட்டம் குறைந்திருக்கும். வாடைக்காற்று கடைசி 50 கி.மீ. எதிரே வரும், அது ஆடிக்காற்று அளவுக்கு முரட்டுத்தனமானது அல்ல.

கியர் பற்றியும் ஒரு வார்த்தை. சின்ன கியர் பலவீனருக்கு என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. சைக்கிளோடு 85 கிலோ எடை, எட்டு விழுக்காடு ஏற்றம், நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்துக்கொள்வோம். முன்னே 39 பல், பின்னே 25 பல் என்றால் ஏறுவதற்கு மட்டுமே 220 வாட் வேண்டும். 34-க்கு 32 என்றால் 150 வாட் போதும். நாள் முழுதும் 220 வாட் கொடுக்க முடிகிறவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லோருக்கும் 34-க்கு 32 வேண்டும். 34-க்கு 34 இன்னும் நல்லது.

சாப்பாட்டிலும் ஒரு தவறு நடக்கிறது: விடியற்காலையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, பிறகு குமுளி வரை ஒன்றும் தொடுவதில்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நல்ல வாழைப்பழம் 25 கிராம் தரும். முந்தலுக்கும் மெட்டுக்கும் இடையே கடைகளை நம்ப வேண்டாம். போடியிலேயே இரண்டு பாட்டில்களையும் நிரப்பிக்கொள்ளுங்கள், ஒன்றில் உப்பும் சர்க்கரையும் கலந்து.

“தொடங்கினால் முடித்தே ஆக வேண்டும்”

இந்த வீம்புதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நெடுங்கண்டத்திலிருந்து தூக்குப்பாலம் வழியாகக் கம்பம்மெட்டுக்கு ஒரு சாலை போகிறது. அங்கிருந்து நேரே கம்பத்துக்கு இறங்கிவிடலாம். குமுளி சுற்றுவதைவிட 20 கி.மீ.க்கு மேல் மிச்சம். மேடு பள்ளங்களும் குறையும். ஆகவே நெடுங்கண்டத்துக்கு ஒரு கடைசி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அது பகல் ஒரு மணி. அதற்குள் அங்கே சேர்ந்தால் மாலை மூன்றரைக்குக் குமுளி, இருட்டுமுன் தேனி. ஒரு மணி தாண்டிவிட்டால் கம்பம்மெட்டுக்குத் திரும்பிவிடுங்கள். முன்விளக்கும் பின்விளக்கும் எப்படியும் பையில் இருக்கட்டும். போடி வரை ரயில் 2023 முதல் திரும்ப ஓடுகிறது. விட்டதை முடிக்க அடுத்த மாசியில் வரலாம்.